பணம் திரும்பிவிட்டது, கடன் தீர்ந்ததா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் பொறியியல் படிப்புக்குப் பணம் கட்டியவர் உங்கள் அப்பாவின் நண்பர். வேலைக்குப் போன மூன்றே ஆண்டுகளில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். வட்டி வாங்க அவர் மறுத்துவிட்டதால் அவர் மகள் திருமணத்துக்கு நகை செய்து போட்டீர்கள். அப்படியும் அவர் எதிரே வரும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ பாக்கி நிற்கிறது. "இதை என்றைக்காவது முழுதாகத் தீர்க்க முடியுமா, இல்லை சாகும்வரை கடன்காரனாகவே இருக்க வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

முழுதாகத் தீர்க்க முடியாது. இதுதான் என் பதில். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். இப்படிப்பட்ட எந்தக் கடனிலும் தீர்க்கக் கூடிய பகுதி ஒன்று இருக்கிறது, தீராத பகுதி ஒன்று இருக்கிறது. தீர்க்கக் கூடியதைத் தீர்க்காமல் "இதெல்லாம் தீருமா" என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தீராததைப் பணத்தாலும் நகையாலும் அடைத்துவிடப் பார்த்துத் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தவறையும் நானே செய்திருக்கிறேன். முப்பத்துமூன்று ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். பிறந்த ஊர் பேராவூரணிக்குப் பக்கம். ஆகையால் என் பதிலில் குறளும் வரும், மொய் நோட்டும் வரும்.

மொய் நோட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பந்தலுக்குக் குறைவிருக்காது. பேராவூரணி வட்டாரத்து மொய்விருந்து வழக்கம் கீரமங்கலம், வடகாடு என்று புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் பரவி வேரூன்றிவிட்டது. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஆள் உட்கார்ந்து பெயர், ஊர், தொகை என்று எழுதிக்கொண்டே இருப்பார். இப்போது கணினியும் பணம் எண்ணும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனாலும் நோட்டு போகவில்லை. நிலப்பத்திரத்தை வைக்கும் பெட்டியிலேயே மொய் நோட்டையும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. மகனுக்குச் சொத்து பிரித்துக் கொடுக்கும்போது மொய்க்கணக்கும் சேர்ந்தே பிரியும்.

அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீங்கள் விருந்து வைத்தபோது ஒருவர் ஆயிரம் ரூபாய் செய்திருந்தால், அவர் விருந்து வைக்கும்போது நீங்கள் அந்த ஆயிரத்தைத் திருப்பிச் செய்ய வேண்டும். அது பழைய மொய். அதற்கு மேல் ஐந்நூறோ ஆயிரமோ புதிதாகச் சேர்க்க வேண்டும். அது புது மொய். அந்தப் புது மொய் இப்போது அவர் உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. அப்படிச் சேர்க்காமல் வாங்கிய ஆயிரத்தை மட்டும் செய்துவிட்டு வந்தால் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: கணக்கை முடித்துக்கொண்டார்கள். சண்டை இருக்காது, வார்த்தை தடித்திருக்காது. ஆனால் அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையில் இனி ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும்.

ஒரு ரூபாயைக்கூட விடாமல் எழுதி வைக்கிற மக்கள், கடைசி ரூபாய்வரை அடைத்துவிடுவதை உறவு முறிவாகக் கருதுகிறார்கள். பாக்கி இருந்தால்தான் அடுத்த விருந்துக்குப் போக முகம் இருக்கும். சிறுவயதில் இதை அப்பா எனக்குச் சொல்லித் தந்தபோது வெறும் ஊர்வழக்கமாகத்தான் தெரிந்தது. பிற்பாடு வகுப்பில் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தை நடத்த நடத்தத்தான், அப்பா சொன்னதும் வள்ளுவர் சொல்வதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது உறைத்தது.

'செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும் வானகமும் ஆற்றல் அரிது' என்று தொடங்குகிறது அந்த அதிகாரம். நாம் முன்பு ஒன்றும் செய்திராதபோது ஒருவர் நமக்குச் செய்கிற உதவிக்கு மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாது என்பது பொருள். மிகைப்படுத்தல் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் அவருக்குப் பத்து மடங்கு திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அவர் செய்த பிறகுதான் நீங்கள் செய்கிறீர்கள். அவர் கொடுத்த நாளில் நீங்கள் தேறுவீர்களா மாட்டீர்களா என்பது யாருக்கும் தெரியாது. அவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்த பிறகே நீங்கள் கொடுக்கிறீர்கள். முந்திக்கொண்டு நம்பிய அந்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. காலம் பின்னோக்கி ஓடினால்தான் உண்டு.

அதே அதிகாரத்தில் இன்னொரு குறளை மாணவர்கள் அடிக்கடி பிழையாகப் புரிந்துகொள்வார்கள். 'உதவி வரைத்தன்று உதவி உதவி செயப்பட்டார் சால்பின் வரைத்து.' உதவியின் அளவு உதவியால் அமைவதில்லை, உதவி பெற்றவருடைய பண்பின் அளவால் அமைகிறது. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கொடுத்த தொகையை வைத்துக் கடனை அளக்க முடியாது என்றால், கடன் இவ்வளவுதான் என்று சொல்லக் கூடிய மூன்றாம் ஆள் யாரும் இல்லை. பெற்றவன் மனம் வளர வளரக் கடனும் வளர்கிறது. இருபது வயதில் உங்களுக்குத் தெரிந்தது கல்லூரிக் கட்டணம் மட்டும். முப்பத்தெட்டு வயதில், உங்களுக்கும் பிள்ளைகளும் வீட்டுக்கடனும் வந்த பிறகு, இன்னொருவர் பிள்ளைக்காக அவ்வளவு பணத்தைப் புரட்டுவது என்றால் என்ன என்று தெரிகிறது. நீங்கள் அடைக்க அடைக்கப் பாக்கி கூடுவதாகத் தோன்றுவது உங்கள் மனக்கோளாறு இல்லை. உங்களுக்குக் கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பழக்கம் விடவில்லை. தமிழில் கடன் என்ற சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கும், செய்தாக வேண்டிய கடமையையும் குறிக்கும். காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் எல்லாம் அப்படித்தான். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற பாட்டை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அதில் தாய்க்குக் கடன் இருக்கிறது, தந்தைக்கு இருக்கிறது, வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லனுக்கு இருக்கிறது, வேந்தனுக்கு இருக்கிறது. காளைக்கு உரிய கடன் போர்க்களத்துக்குப் போய் யானையை வீழ்த்தித் திரும்புவது. பெற்றவளுக்கு அவன் திருப்பிக் கொடுக்க வேண்டியது பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது. வயதான பெற்றோரைக் கைவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மேலிருந்து வந்ததைக் கீழே கொடுப்பதும் கடன் தீர்க்கும் ஒரு வழி என்று அந்தக் காலத்திலேயே ஒரு பெண் நினைத்திருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

நன்றி என்ற சொல்லும் அப்படியே. இன்று நாம் வாயால் சொல்கிற 'நன்றி' பிற்காலத்துப் பொருள். குறளில் நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மையே. 'செய்ந்நன்றி கொன்ற மகற்கு' உய்வில்லை என்கிறார் வள்ளுவர். புறநானூற்றில் ஆலத்தூர் கிழாரும் 'செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்' என்கிறார். இருவருமே கொன்ற என்ற சொல்லைத்தான் கையாள்கிறார்கள். கொடுக்காத, அடைக்காத, தீர்க்காத என்று சொல்லவில்லை. உயிரோடு இருப்பதைத்தானே கொல்ல முடியும்? ஒருவர் நமக்குச் செய்த நன்மை நமக்குள் உயிரோடு இருக்கிறது. அதை அடைத்துத் தீர்க்கும்படி எங்கேயும் கட்டளை இல்லை. கொன்றுவிடாதே என்பதுதான் கட்டளை. மறப்பது ஒரு கொலை. 'அவர் என்ன சும்மாவா செய்தார், அவருக்கும் ஏதோ கணக்கு இருந்திருக்கும்' என்று பிற்பாடு பேசுவது இன்னொரு கொலை. 'கொடுத்ததற்கு மேலேயே கொடுத்தாயிற்று, இனி அவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை' என்பதும் கொலைதான் என்று நான் நினைக்கிறேன், கையில் ரசீது இருந்தாலும்.

இதே வரியை இன்னொரு கையில் கொடுத்தால் அது சாட்டையாகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். நன்றி, விசுவாசம், உப்பிட்டவர் என்ற சொற்கள் எத்தனை தலைமுறை முதுகுகளை வளைத்து வைத்திருந்தன என்பதைக் கேட்டு வளர்ந்தவன். கல்யாணத்துக்கோ சாவுக்கோ முன்பணம் வாங்கியவன் தன் வாழ்நாளும் மகன் வாழ்நாளும் பண்ணையில் உழைத்தும் கடன் தீர்ந்ததில்லை. தீரக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட கணக்கு அது. 'உங்கள் உப்பைத் தின்றவன் ஐயா' என்று அவனைச் சொல்ல வைத்தார்கள். அந்த வீட்டுச் சோற்றுக்கான நெல்லை விளைவித்தது யார்? யார் உப்பை யார் தின்றார்கள்? 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் இந்தியா முழுமைக்கும் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பே அற்றுப்போனதாகச் சொன்னது. குறைத்துக் கொடு என்றோ தவணையில் கொடு என்றோ சொல்லவில்லை. நியாயமான சட்டம். சில கடன்கள் தொடக்கம் முதலே கடன் அல்ல.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தீராத கடனைச் சுமக்கும் கடமை பெற்றவனுக்கு உண்டு. அதை வசூலிக்கும் உரிமை கொடுத்தவனுக்குக் கிடையாது. 'நான் படிக்க வைக்காவிட்டால் நீ இன்று எங்கே இருந்திருப்பாய்' என்று ஒருவர் சொல்லிக்காட்டத் தொடங்கிவிட்டால், செய்த நன்மையை அவரே விலை போட்டு விற்றுவிட்டார் என்று பொருள். விலையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பாவின் நண்பர் அப்படிப்பட்டவர் இல்லை. வட்டி வேண்டாம் என்றவர் அவர். நகை செய்து போட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

இதுவரை பேசியது நன்மையால் வந்த கடன். தீமையால் வரும் கடனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் தீர்க்கக் கூடிய பகுதி எது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

1993-இல் ஒன்பதாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் வாங்கி வைத்திருந்த பணத்தில் ஒரு கட்டு காணவில்லை. இடைவேளையில் வகுப்பில் தனியாக இருந்தவன் ஒரு பையன். அவன் வீட்டு வறுமையும் எனக்குத் தெரியும். அந்த வறுமையே அவனுக்கு எதிரான சாட்சி என்று என் மனம் முடிவு கட்டியது. நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவனை முன்னால் நிறுத்தி, அவன் பையைத் தரையில் கொட்டினேன். ஒன்றும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, மாமாவோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அரையாண்டு விடைத்தாள் கட்டுகளைப் பிரித்தபோது அந்தப் பணம் கிடைத்தது. நானே ஒரு உறையில் போட்டுச் செருகி வைத்திருந்தேன்.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் சொன்னேன். திருவிழாவுக்கு அவன் ஊருக்கு வந்தபோது அவனிடமும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். மீண்டும் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன், செலவெல்லாம் என்னுடையது என்றேன். அவன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான். "வீட்டுக்கு வந்து சொல்கிறீர்கள் ஐயா. என் பையை வகுப்பில்தானே கொட்டினீர்கள்?"

இந்த ஒரு வாக்கியத்தில் நான் கற்றதை வேறெங்கும் கற்கவில்லை. நான் அவனுக்குப் படிப்பைத் திருப்பித் தரப் பார்த்தேன், அது என்னால் முடியாதது. பதினான்கு வயதில் திருப்பூருக்குப் பஸ் ஏறியவனைப் பழைய பதினான்கு வயதுக்காரனாகத் திருப்பிக் கொண்டுவர எவராலும் முடியாது. ஆனால் நாற்பத்தொரு பேர் முன்னால் நான் சொன்ன பொய்யை அதே நாற்பத்தொரு பேரிடம் திருத்திச் சொல்ல என்னால் முடியும். அது கடினமும் அல்ல, செலவும் அல்ல. வெட்கம் மட்டுமே தடை. மறுவாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தவர்கள் வீடுகளுக்கு மிதிவண்டியில் போய்ச் சொன்னேன். அவன் இப்போது சின்னதாகத் தையல் கூடம் வைத்திருக்கிறான். எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வான். தன் திருமணத்துக்கு என்னை அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பகுதி தீராது. அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாடுகளின் விஷயத்திலும் இதே பிரிவினையைப் பார்க்கலாம். யூதர்களைக் கொன்று குவித்ததற்கு ஈடாக எதையாவது கொடுக்க முடியுமா? ஆனாலும் 1952 செப்டம்பர் 10-ஆம் நாள் லக்சம்பர்க்கில் மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், வெளியே இருந்த யூத அமைப்புகளின் கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க். அந்த ஆண்டு ஜனவரியில் இஸ்ரேல் நாடாளுமன்றம் இதைப் பற்றிப் பேசியபோது வெளியே கல்வீச்சு நடந்தது. 'எங்கள் பெற்றோரின் பிணத்துக்கு விலையா' என்பதே எதிர்த்தவர்களின் குமுறல். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வாங்கியவர்கள் பக்கமும் இருந்தது என்றே நினைக்கிறேன். பறித்த வீடு, பறித்த கடை, வேலை செய்ய முடியாமல் போன உடம்பு, இவையெல்லாம் எண்ணக் கூடியவை. எண்ணக் கூடியதை எண்ணிக் கொடுத்தாக வேண்டும். ஜெர்மானிய மொழியில் இந்த இழப்பீட்டுக்கு வழங்கும் பெயருக்கு 'மறுபடியும் நல்லதாக்குதல்' என்று பொருள். அந்தப் பெயர்தான் எனக்கு ஒப்பவில்லை. கொடுத்தது சரி. கொடுத்ததால் நல்லதாகிவிட்டது என்று பெயர் வைத்தது சரியில்லை.

சரி, தீராத பகுதியை என்ன செய்வது? சுமந்துகொண்டே இருப்பதா? இங்கே அயர்லாந்து மக்களின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயில் அழுகியது. அதையே உண்டு வாழ்ந்த ஏழைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், ஏறக்குறைய பத்து லட்சம் பேர். 1847-இல் அந்தச் செய்தி அமெரிக்காவில் சாக்டா என்ற பூர்வகுடி மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்களே மிசிசிப்பியில் இருந்த தம் மண்ணிலிருந்து 1831 முதல் விரட்டப்பட்டு, வழியெல்லாம் குளிரிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கில் செத்து, புதிய இடத்தில் அப்போதுதான் கூரை போட்டிருந்தார்கள். கூடி 170 டாலர் திரட்டி, கண்ணால் கண்டிராத அந்த மக்களுக்கு அனுப்பினார்கள். செய்யாமல் செய்த உதவி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அயர்லாந்து மக்கள் அதை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தில் மிடில்டன் என்ற ஊரில், கழுகின் இறகுகள் ஒன்பதை வட்டமாக நிறுத்தியதுபோல எஃகில் ஒரு சிற்பம் செய்து 2017-இல் திறந்து வைத்தார்கள். சாக்டா மாணவர்கள் அயர்லாந்தில் படிக்க உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது அமெரிக்காவில் நவாஹோ, ஹோப்பி என்ற பூர்வகுடி மக்கள் குடிதண்ணீருக்கும் மருந்துக்கும் திண்டாடினார்கள். அவர்களுக்காகத் திரட்டிய நிதியில் அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டார்கள். பலர் 1847-ஐ நினைவுகூர்ந்து குறிப்பும் எழுதியிருந்தார்கள். நவாஹோக்கள் சாக்டாக்கள் அல்ல, வேறு மக்கள். கணக்குப் பார்த்தால் தவறான முகவரிக்குப் போன பணம். ஆனால் சாக்டாக்களின் தலைவரே அதை மகிழ்ச்சியோடு வரவேற்றார். 173 ஆண்டுகள் ஒரு நன்மையைக் கொல்லாமல் வைத்திருந்தால் அது என்ன செய்யும் என்பதை அங்கே பார்க்கிறோம். தீராத கடன் என்பது வெறும் சுமையாக இருந்தால் யாராவது அதை இவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு நடப்பார்களா?

எங்கள் ஊரிலும் இதைக் கண்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. தென்னை வைத்தவர்களுக்குத்தான் அது புரியும்: பிள்ளை நட்டுக் காய் பார்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை. நான்காம் நாள் மேற்கு மாவட்டங்களிலிருந்து லாரிகள் வந்தன. அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், தோப்பு முழுதும் போனவர், வீட்டுக்குள் போய் மொய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து லாரிப் பையனிடம் "பேரும் ஊரும் சொல்லுங்கள் தம்பி" என்றார். அவன் கூச்சப்பட்டு "அதெல்லாம் வேண்டாம் ஐயா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். பெரியவர் விடவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'லாரி, கோயமுத்தூர்ப் பக்கம்' என்றும், தொகை இருக்க வேண்டிய இடத்தில் 'அரிசி, தார்ப்பாய்' என்றும் எழுதி வைத்தார். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகித் தூத்துக்குடிப் பக்கம் மூழ்கியபோது, புதுத் தோப்பு இன்னும் சரியாகக் காய்ப்புக்கு வராத நிலையில், ஆறு மூட்டை அரிசியை அந்தப் பக்கம் போகிற வண்டியில் ஏற்றிவிட்டார். மொய் திருப்பிச் செய்தால் நோட்டில் அந்த வரியை அடிப்பது வழக்கம். அடித்தீர்களா என்று கேட்டேன். "கோயமுத்தூர்க்காரருக்கு இன்னும் செய்யவில்லையே" என்றார்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1975-இல் எனக்குத் தஞ்சாவூரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய பணம் 380 ரூபாய். அப்பாவிடம் இல்லை. கடைசி நாளுக்கு முதல் நாள் இரவு பெரியம்மா அடுக்குப்பானைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். "போய்ப் படி தம்பி" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. 1982-இல் என் முதல் சம்பளத்தில் 380 ரூபாயையும் ஒரு சேலையையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பணத்தை எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று எனக்கு நெஞ்சு லேசானது. தீர்ந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். கண் அறுவைக்கு அழைத்துப் போனேன், பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

1998-இல் அவர் இறந்தார். கருமாதி அன்று அவருடைய அண்ணன் மகள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் துணி முடிச்சில் இருந்தது, 1975 ஆவணியில் அந்த அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் காதுகுத்துக்கு அத்தை முறையில் பெரியம்மா கொண்டுபோக வேண்டிய சீர்ப்பணம். வெறுங்கையோடு போக மனம் வராமல் பெரியம்மா பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போகாமலே இருந்துவிட்டார். காரணமும் சொல்லவில்லை. சொன்னால் என் அப்பாவுக்குத் தலைகுனிவு. அண்ணன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். 1990-இல் அவர் செத்தபோதுதான் பெரியம்மா அந்த வாசற்படி ஏறினார். பதினைந்து ஆண்டுகள் ஒரு தீபாவளிக்குக்கூட அவர் பிறந்த வீட்டுக்குப் போகாததை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நகையோ பணமோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பணத்தை அன்றைக்கு எங்கிருந்து புரட்டினீர்கள்? அதனால் உங்களுக்கு என்ன நின்றுபோனது?" என்று கேளுங்கள். அவர் மழுப்புவார். அப்போது அவர் மனைவியைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், ஒருவேளை அதன் பெரும்பகுதியை அவரே சுமந்திருப்பார். 1982-இல் சேலையோடு போன நாளில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், மறுநாளே பஸ் ஏறிப் போய் அந்த அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் தங்கை வராததற்குக் காரணம் நான்தான்" என்று சொல்லியிருப்பேன். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து பதினொரு மைல்தான்.